கொடி உச்சிக்குப் போகும்வரை

என் வயிற்றில் எந்த நேரமும் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் சட்டையைத்தான் பார்ப்பார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு மருத்துவமனையில் எனக்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. இன்னொன்று, வயிற்றில் ஒரு குழாய் வைத்து, பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை அதன் வழியே உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, கழிவோடு சேர்த்து இன்னொரு பையில் வடித்துவிடுவது. ஒரு நாளைக்கு நான்கு முறை, வீட்டிலேயே, நம் கையாலேயே செய்துகொள்ளலாம். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்டோர்கீப்பர் வேலை, அடிக்கடி லீவு போட முடியாது என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் டிரம்பெட்.

கல்யாணம், சாவு, கோயில் திருவிழா என்று இருபத்தைந்து வருஷமாக ஒரே பேண்டு செட்டில் ஊதிக்கொண்டிருக்கிறேன். கரையான்சாவடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் அதே செட்டில் பெரிய டிரம் அடிப்பவன். அவன் தொழுகைக்குப் போகிறவன், நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், இரண்டு பேரும் சேர்ந்து சம்பாதித்த கெட்ட பெயர் தனி. மெஷினில் போய்ப் படுத்தால் வாரத்தில் மூன்று நாள் போச்சு, அடுத்த நாள் அசதி. பிறகு எங்கே ஊதுவது? வீட்டுப் பையென்றால் என் நேரம் என் கையில். இப்படித்தான் கணக்குப் போட்டேன். டாக்டரிடம் டிரம்பெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. நோய்க்கும் வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

நூம்பலில் எங்கள் வீடு சின்னது. மாதாமாதம் வேனில் வந்து இறங்கும் மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் ஹாலில் பாதியை அடைத்துக்கொள்ளும். பை மாற்றும்போது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கை கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கிருமி உள்ளே போய்விடக் கூடாது. சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த அருமை தெரியும். வடிந்து வந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, பைக்குப் பின்னால் ஏதாவது அச்சடித்த தாளை வைத்துப் படிக்கச் சொல்வார்கள். எழுத்து தெரிந்தால் நல்லது, கலங்கியிருந்தால் உடனே ஓட வேண்டும். நான் மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து வைத்துக்கொள்வேன். ராசிபலனில் நம்பிக்கை இல்லாத குடும்பம் நாங்கள். இருந்தும் என் கழிவுத் தண்ணீரின் வழியே ஊராரின் ராசிபலனைத் தினம் நான்கு முறை படித்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷத்துக் கொடியேற்றத்தில்தான் கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு வழக்கம். திருவிழாவின் முதல் நாள் மாலை ஃபாதர் கொடியை ஆசீர்வதித்துக் கயிற்றில் கட்டுவார். கயிற்றை இழுக்கத் தொடங்கியதும் டிரம்பெட் ஒரே சுரத்தைப் பிடிக்கும். கொடி உச்சிக்குப் போய், மடிப்பு பிரிந்து, உள்ளே வைத்த பூ உதிரும்வரை அந்தச் சுரத்தை விடக் கூடாது. நடுவில் மூச்சு அறுந்தால் அடுத்த திருவிழா வரைக்கும் அதைச் சொல்லியே சிரிப்பார்கள். எனக்கு ஒரு முறைகூட அறுந்ததில்லை. என் மூச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உடம்பில் வேறு எதைப் பற்றியும் திமிர் காட்ட வழியில்லாமல் போனபின் அது இன்னும் கூடிவிட்டது.

அன்று புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். இடையில் தொந்தரவு வேண்டாமென்று, கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே பை மாற்றி, இரண்டு லிட்டரையும் முழுசாக ஏற்றிக்கொண்டு போனேன். கொடி ஏறியது. முக்கால் உயரம் போனதும் உச்சியிலிருக்கும் கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது. கீழே நான்கு பேர் ஆட்டுகிறார்கள், உலுக்குகிறார்கள், கொடி அசையவில்லை. நானும் விடவில்லை. அடிவயிற்றை எக்கி எக்கி ஊதினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ நழுவி வெளியே வந்தது போலிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கயிறு விடுபட்டுக் கொடி ஏறியது, பூ கொட்டியது, சனம் கை தட்டியது.

"இன்னா மாமே, மூஞ்சி வெளுத்துப் போய்கீது?" என்றான் நண்பன், டிரம்மைக் கழற்றிக்கொண்டே.

"ஒண்ணுமில்லடா, பசி," என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொப்புள் எலுமிச்சம்பழம் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. படுத்து விரலால் அமுக்கினால் உள்ளே போகும், எழுந்தால் வந்துவிடும். மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. போனால் குழாயை எடுத்துவிடுவார்களோ என்று பயம். அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குத் தொப்புள் துருத்தினால் ஒரு காசைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்துக் கட்டுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் அந்த வைத்தியத்தை எனக்கே செய்துகொண்டேன். பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசாகப் பார்த்து எடுத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டி, மேலே பனியனைப் போட்டு மூடினேன்.

மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். என் மனைவி வீட்டில் பிளவுஸ் தைப்பவள். ஊரில் யாருக்கு எங்கே எத்தனை அங்குலம் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவாள். அவளிடம் இது எத்தனை நாள் நிற்கும்?

"இன்னாங்க அது, பனியனுக்குள்ள வட்டமா?"

"பொத்தான்."

"பனியனுக்கு ஏது பொத்தான்?"

மறுநாள் காலையே என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். மருத்துவமனையில் வயிற்றுக் குழாய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஒருத்தி இருக்கிறாள். பை மாற்ற எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பிளாஸ்திரியைப் பிரித்ததும் காசு அவள் கையில் விழுந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள்.

"இது என்னண்ணா, உண்டியலா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவள் நோட்டை எடுத்து வரிசையாகக் கேட்டாள். பளு தூக்கினீங்களா? இல்லை. விடாமல் இருமினீங்களா? இல்லை. மலச்சிக்கலில் முக்கினீங்களா? இல்லை சிஸ்டர். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் மனைவிதான் தாங்க மாட்டாமல் வாய் திறந்தாள்.

"ஊதுனாரு சிஸ்டர்."

"எதை?"

"டிரம்பெட்ட. கொடியேத்தத்துல. வவுறு நெறய தண்ணிய வச்சிகினு."

சிஸ்டரின் பேனா நின்றது. "இத்தனை மாசத்துல ஒரு தடவை சொல்லலையேண்ணா. நானும் கேக்கல. எனக்கும் தோணல," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் தன்மேலும் குறையைப் போட்டுக்கொண்டதில் எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

டாக்டர் அம்மா படம் போட்டு விளக்கினார். உள்ளே இருக்கும் தண்ணீர் ஏற்கெனவே வயிற்றுச் சுவரை அழுத்திக்கொண்டிருக்கிறது, அதன்மேல் நான் மூச்சுப் பிடித்து ஊதினால் அழுத்தம் பல மடங்கு, பலவீனமான இடத்தில் சுவர் விட்டுக்கொடுத்துவிட்டது. இதுதான் ஹெர்னியா, குடலிறக்கம். காசை வைத்து மூடியதில் குடல் உள்ளே மாட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். ஆபரேஷன் செய்து வலை வைத்துத் தைக்க வேண்டும். புண் ஆறும்வரை வயிற்றில் தண்ணீர் விடக் கூடாது, அதுவரை கழுத்தில் ஒரு குழாய் போட்டு மெஷின். அதற்கப்புறம் வயிற்றுக் குழாய் பழையபடி வேலை செய்தால் பை, செய்யாவிட்டால் நிரந்தரமாக மெஷின்.

"திரும்ப ஊதலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி சுவரைப் பார்த்தாள். "முதல்ல குழாய் நிக்குதான்னு பாப்போம்," என்றார் டாக்டர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மெஷினைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சில வாரங்கள் என்னை உயிரோடு வைத்திருந்தது அதுதான். பக்கத்துப் படுக்கையில் ஆவடியிலிருந்து வருகிற ஒருவர் ஆறு வருஷமாக அதில்தான் இருக்கிறார், மகள் கல்யாணத்தை முடித்தார், ஜோக்கடித்தே எங்களைக் கொல்வார். ஆனால் எனக்குப் படுத்த இடத்தில் என் டிரம்பெட்தான் ஞாபகம் வந்தது. பீரோவுக்குப் பக்கத்து ஷெல்ஃபில் அதன் பெட்டி இருந்தது. அதற்கு முன்னால் என் மனைவி தண்ணீர்ப் பெட்டிகளைக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டாள். பளு தூக்கத் தடை என்பதால் என்னால் அவற்றை நகர்த்த முடியாது. இதைவிடப் பத்திரமான பூட்டு ஊரில் எங்கும் கிடைக்காது.

ஐந்து வாரம் கழித்து மறுபடி வயிற்றில் தண்ணீர் விட்டார்கள். ஒரு லிட்டர் மட்டும், அதுவும் படுத்துக்கொண்டே. உள்ளே போனது ஜோராகப் போயிற்று. வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. பையைக் கொக்கித் தராசில் மாட்டினால் முள் அரை லிட்டரைத் தாண்டவில்லை. மறுநாளும் அப்படியே. எக்ஸ்ரே எடுத்தார்கள். அடிவயிற்றில் சுருண்டு கிடக்க வேண்டிய குழாயின் நுனி மேலே ஏறி, கல்லீரல் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. வலி மாத்திரையால் மலம் கட்டிக் குடல் உப்பி, அதைத் தள்ளிவிட்டதாம். பேதி மருந்து எழுதிக் கொடுத்தார்கள், நன்றாக நடக்கச் சொன்னார்கள், மாடிப்படி இறங்கச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் நுனி தானாகக் கீழே இறங்கினால் சரி, இல்லாவிட்டால் இன்னொரு ஆபரேஷன். அதுவும் கைகொடுக்காவிட்டால் பை வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியதுதான்.

அன்று வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். என் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் நண்பனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் நின்றான். "எந்திரி மாமே. நடக்கணும்னு சொன்னாங்களாமே."

"நடந்துகினுதான்டா கீறேன்."

"நீ நடக்கறது நடையா? பேண்டுல எப்டி நடப்போம், அப்டி நட. கால ஊனி வையி."

கோயில் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். தோளில் டிரம் இல்லாமலேயே வாயால் அடித்தான். டும், டும், டும், டும். கல்யாண ஊர்வலத்துக்கு நடக்கிற நடை. குதிகாலைத் தரையில் ஊன்றி ஊன்றி வைக்கச் சொன்னான். பால் வாங்கப் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு கோயில் மாடிப்படியில் இறங்கவிட்டான், ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டான். பேதி மருந்து தன் பங்குக்கு வேலை காட்டியபோது மட்டும் ஊர்வலத்தைப் பாதியில் கலைத்துவிட்டு நான் ஓட வேண்டியிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

ஐந்தாம் நாள் காலையில் பை மாற்றும்போது குழாயைத் திறந்ததும் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கித் தராசில் முள் ஒரு லிட்டரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே போய் நின்றது. உள்ளே விட்டதைவிட அதிகம். என் மனைவி காலண்டர் தாளைக் கிழித்துப் பைக்குப் பின்னால் பிடித்தாள். எழுத்து கண்ணாடியாகத் தெரிந்தது.

"இன்னா போட்டுகீது?" என்று கேட்டேன்.

"யாருக்கோ பிரயாணமாம்," என்றாள். முகக்கவசம் கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் குழாய் நுனி தன் இடத்துக்கு வந்திருந்தது. மருந்துதான் இறக்கியது என்றார் டாக்டர். தன்னுடைய டிரம்தான் என்று என் நண்பன் இன்று வரைக்கும் சாதிக்கிறான். மெதுவாக ஒன்றரை லிட்டர், பிறகு இரண்டு லிட்டர் என்று பழைய அளவுக்கு வந்தேன். ஸ்டோர் வேலைக்கும் போனேன். ஹாலில் மாதக் கடைசியில் தண்ணீர்ப் பெட்டிகள் குறைந்து டிரம்பெட் பெட்டியின் ஒரு மூலை தெரியும். அடுத்த வேன் வந்ததும் மறைந்துவிடும். பத்து மாதம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது டாக்டரிடம் மறுபடி கேட்டேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு நேரம் ஊதுவேன், எங்கே நிற்பேன், எந்தச் சுரம், எல்லாம் சொன்னேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இருமச் சொன்னார், ஸ்கேன் எடுத்தார், ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் பேசினார். கடைசியில் நிபந்தனை போட்டார். ஊதுவதற்கு முன் தண்ணீரை முழுசாக வடித்துவிட வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும். பெல்ட் கட்ட வேண்டும். அந்த ஒரு சுரத்தோடு நிறுத்திவிட வேண்டும். துளி இழுத்தாலும் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

"கயிறு சிக்கினா?" என்று கேட்டாள் என் மனைவி.

"சிக்கினா நிறுத்திடணும்," என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. நான் தலையாட்டினேன். நிறுத்துவேனா என்று எனக்கே தெரியாது.

வெளியே வரும்போது சிஸ்டர் நிறுத்திச் சொன்னாள். இப்போது புதிதாக வருகிற எல்லோரிடமும் ஏதாவது ஊதுவீர்களா என்று கேட்கிறாளாம். பட்டாபிராமிலிருந்து வந்த ஒருவர், ஆமாம், சங்கு ஊதுவேன் என்றாராம். "உங்களாலதான்ணா அவர் தப்பிச்சாரு," என்றாள். எனக்குக் காலர் இல்லாத சட்டை, இல்லாவிட்டால் தூக்கிவிட்டிருப்பேன்.

அந்த வாரம் என் நண்பன் ஸ்டோருக்குப் போன் செய்தான். "மாமே, துருப்புடிச்ச சக்கரத்துக்கு எந்தக் கிரீஸ் நல்லா நிக்கும்? மழையிலயும் போகக் கூடாது." எதற்கென்று கேட்டதற்கு, "ஊட்டு கேட்டு கத்துது," என்றான். நான் ஒன்றைச் சொன்னேன். அதோடு மறந்துவிட்டேன்.

கொடியேற்றத்தன்று கோயில் அலுவலகத்துப் பின்னறையை ஃபாதர் திறந்துவிட்டார். என் மனைவி ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஆணியில் கொக்கி மாட்டி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். வடித்தேன். காலி வயிறோடு எழுந்தபோது உடம்பு எனக்கே வேற்றாளுடையது போலிருந்தது. பெல்ட்டை அவளே இறுக்கிக் கட்டினாள். "உங்க பின்னாலதான் நிப்பேன். சட்டையப் புடிச்சி இழுத்தா நிறுத்திடணும், ஆமா," என்றாள்.

கொடிமரத்தடிக்குப் போனால் பெரிய டிரம்மை வேறொருவன் மாட்டிக்கொண்டு நின்றான். என் நண்பனைக் காணவில்லை. தேடினால், கொடிக்கயிற்றைப் பிடித்திருந்த நான்கு பேரில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஃபாதர் ஜெபம் முடித்தார். நான் மூச்சை இழுத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு உதட்டில் அந்தப் பித்தளை பட்டது. சுரம் பிறந்தது. கொஞ்சம் கரகரத்து, பிறகு நேராக நின்றது. முதுகில் அவள் விரல்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. நான் கொடியையே பார்த்தேன். அது சர்ரென்று போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் சிக்கிய இடத்தை நான் பயந்துகொண்டே எதிர்பார்த்தபோது அது அந்த இடத்தை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. ஃபாதர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உச்சியில் கொடி விரிந்து பூ கொட்டியது. சனத்துக்குக் கை தட்டவே ஒரு நொடி பிடித்தது. டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தபோது என் நெஞ்சில் இன்னும் பாதி மூச்சு அப்படியே இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனேன். அவன் கையில் கயிறு உரசிய தடம் சிவந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"இன்னாடா பண்ண?"

"கேட்டுக்கு கிரீஸ் போட்டேன் மாமே. அப்டியே கப்பியையும் புச்சா மாத்திட்டேன்."

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். கொடி இவ்வளவு சீக்கிரம் போனால் என் மூச்சுக்கு என்ன மரியாதை? ஆனால் அழுகைதான் வந்தது. அத்தனை பேர் முன்னால் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். கிரீஸ் கையால் அவன் என் முதுகைத் தட்டினான். வெள்ளைச் சட்டை போச்சு என்று என் மனைவி பின்னாலிருந்து கத்தினாள்.

பின்னறைக்குத் திரும்பி, புதுப் பையைக் கொக்கியில் மாட்டி, கை கழுவி உட்கார்ந்தேன். தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்தது. வயிறு வெதுவெதுப்பாக நிறைந்தது. மூடிய கதவுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. பை மாற்றும்போது உள்ளே வரக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"மாமே," என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான். "இழுத்துதா உள்ள? வலி ஏதுனா?"

"ஒண்ணுமில்ல. மூச்சு பாதி மிச்சம் கீது."



"அப்ப சரி," என்றான். "அடுத்த வருஷம் கொஞ்சம் மெதுவா இழுக்கறேன்."